மானுக்குக் கிட்டப் போவது எப்படி? திருகோணமலையில் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கோணேசர் கோயிலுக்குப் போய்வருகிற எல்லோருக்கும் கோட்டை மான்களைத் தெரியும். பிரெட்ரிக் கோட்டை வாசலைத் தாண்டியதும் மரநிழலில் படுத்து அசைபோட்டுக்கொண்டிருக்கும். பஸ் வந்து நின்றாலும் எழும்பாது. சில நாட்களில் நகரத்துக்குள்ளேயே வந்து தெருவோரக் குப்பையைக் கிளறும். அதைப் பார்த்துப் பழகியவர்கள் கந்தளாய்ப் பக்கமோ சேருவில பக்கமோ போகும்போது, ‘மான்தானே, இறங்கிக் கிட்டப் போய்ப் படம் எடுப்போம்’ என்று நினைக்கிறார்கள். வெட்டையின் மறுகரையில் ஒரு கீச்சுக் குரல் கேட்கும், வால்கள் நிமிரும், அப்புறம் பற்றை மட்டும்தான் மிச்சம்.

இரண்டும் ஒரே சாதிப் புள்ளிமான்தான். கோட்டை மானுக்கு மனிதன் என்றால் வாழைப்பழத் தோல், காட்டு மானுக்கு மனிதன் என்றால் துவக்கு. அந்தப் பயத்துக்குள் புகுந்து, அதைக் கிளப்பாமல் கிட்டப் போவதுதான் இங்கே சொல்லப்போகும் வேலை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது கமராவோடும் தூரநோக்கியோடும் போகிறவர்களுக்கான வழிகாட்டி. மானையும் மரையையும் கொல்வதோ இறைச்சியை விற்பதோ 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டப்படி குற்றம். ஆனால் காற்றைப் பார்ப்பது, காலை வைப்பது, காத்திருப்பது எல்லாம் ஒரு காலத்தில் வேட்டைக்காரர்களின் கைத்தொழில். எல்லைக் கிராமங்களில் வயதானவர்களோடு உட்கார்ந்து பேசினால் இன்றும் அதைக் கேட்கலாம். வித்தை அவர்களுடையது, நாம் கொண்டுவருவது படம் மட்டும்.

அப்போ வெற்றி எது, தோல்வி எது? மான் ஓடாமல் இருந்தால் போதாது. நீங்கள் வந்தது தெரியாமல், அல்லது தெரிந்தும் பொருட்படுத்தாமல், அது தலையைக் குனிந்து மேய்ந்துகொண்டே இருக்க வேண்டும். அந்த நிலையில் எண்பது மீற்றர் வரை போனீர்கள் என்றால் அது நல்ல நாள். முப்பது மீற்றர் வரை ஓடிப் போய், பாய்கிற மானின் பின்புறத்தைப் படம் எடுத்தால் அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

முதலில் கோட்டையில் பழகுங்கள்

கோட்டை மானிடம் தூரத்தைப் படிக்க முடியாது. அது உங்களை மூன்று மீற்றரில் விடும், காட்டு மான் இருநூறு மீற்றரிலேயே விடாது. ஆனால் மானின் உடல் பேசுகிற பேச்சைப் படிக்க அதைவிட நல்ல இடம் இல்லை. ஒரு வெள்ளென விடியலில், கோயிலுக்கு வரும் கூட்டம் சேர்வதற்கு முன் போய், புல்லில் மேய்கிற ஒரு கூட்டத்திலிருந்து இருபது மீற்றர் எட்ட உட்காருங்கள். படம் எடுக்க வேண்டாம். பார்த்துக்கொண்டே இருங்கள்.

முதலில் காதைப் பாருங்கள். நிம்மதியான மானின் இரண்டு காதும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் தனித்தனியாகத் திரும்பிக்கொண்டிருக்கும், ஈயை விரட்டும், தொங்கும். ஏதோ சந்தேகம் வந்தால் முதலில் நிற்பது வாய். கடித்த புல் வாயோரம் தொங்கியபடியே மெல்லுவது நின்றுபோகும். அடுத்து தலை நிமிரும், இரண்டு காதும் ஒரே திசைக்குக் குவியும். சந்தேகம் கூடினால் கழுத்து நேராகும், முன்னங்கால் ஒன்றைத் தூக்கித் தரையில் அடிக்கும். அதற்குப் பிறகு வால் நிமிர்ந்து அடிப்பக்க வெள்ளை தெரியும். கடைசியாகக் கூவல், ஓட்டம்.

இந்த வரிசை முழுவதையும் பார்க்கக் கோட்டையில் நீங்கள் எதுவும் செய்யத் தேவையில்லை. ஒரு தெருநாய் குறுக்கே வந்தால் போதும், ஒரு நிமிடத்துக்குள் எல்லாக் கட்டமும் கண்முன்னே நடந்துவிடும். காட்டில் நீங்கள் செயற்பட வேண்டியது முதல் கட்டத்தில், அதாவது மெல்லுவது நிற்கும் அந்தக் கணத்தில். கால் தட்டும்வரை பார்த்துக்கொண்டிருந்தால் பிந்திவிட்டது.

கோட்டைக்குள் இன்னும் சில விஷயம் கவனிக்க வேண்டும். அங்கே இராணுவ முகாம் இருக்கிறது. முகாம் கட்டடங்கள், வாசல், சிப்பாய்கள் படத்தில் விழாதபடி நில்லுங்கள். ட்ரோன் யோசனையை அனுமதி இல்லாமல் நினைக்கவே வேண்டாம். மானுக்குத் தீன் கொடுக்காதீர்கள். பொலித்தீன் பையோடு சாப்பாட்டை விழுங்கும் பழக்கம் இப்படித்தான் வந்தது, வயிற்றுக்குள் போன பை திரும்பி வருவதில்லை. அப்புறம் கொம்புள்ள கிடாய். சாதுவான மான் என்று பிள்ளையைப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுக்கிற பெற்றோரை அங்கே எப்போதும் பார்க்கலாம். இணை தேடும் நேரத்தில் கிடாய் யாருக்கும் சாது இல்லை. தலையைத் தாழ்த்திக் கொம்பை நீட்டிக்கொண்டு விறைப்பாக நடந்தால் விலகிவிடுங்கள். இங்குள்ள புள்ளிமான்களுக்கு ஆண்டில் இந்த மாதம்தான் என்று கறாரான பருவம் கிடையாது. ஒன்று கொம்பு விழுந்து மொட்டையாக நிற்கும்போது பக்கத்தில் இன்னொன்று முற்றிய கொம்போடு நிற்கும். ஆகவே நாட்காட்டியைப் பார்க்காமல் மானைப் பாருங்கள்.

காற்று

இதற்குத்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். மானின் கண்ணை ஏமாற்றலாம், காதைச் சமாளிக்கலாம், மூக்கை ஒன்றும் செய்ய முடியாது. அசையாமல் நிற்கிற மனிதனை மான் நேரே பார்த்தும் மரக்கட்டை என்று விட்டுவிடும். அதே மனிதனின் வாடை ஒரு முறை மூக்கில் பட்டால் இரண்டாவது யோசனை கிடையாது. ஆகவே ஒரே விதி: காற்று உங்கள் முகத்தில் அடிக்க வேண்டும், பிடரியில் அடிக்கக்கூடாது.

நல்ல காலம், திருகோணமலையில் காற்று ஒழுங்கானது. கடலுக்குப் போகிறவர்களைக் கேட்டால் மாதக் கணக்கில் சொல்வார்கள். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்கிலிருந்து நிலத்துக்கு மேலாக வருகிற சூடான உலர்ந்த கச்சான் காற்று. நவம்பர் தொடக்கம் மாசி வரை வடகிழக்கிலிருந்து வாடைக்காற்று. இதற்கு மேல், கரையோரத்தில் பகல் ஏறியதும் கடற்காற்று உள்ளே வரும், இரவில் நிலக்காற்று வெளியே போகும்.

இதை வெயிலோடு சேர்த்துப் பாருங்கள், அப்போதுதான் பயன் தெரியும். கச்சான் காலத்துக் காலையில் காற்று மேற்குப் பக்கமிருந்து வருகிறது, சூரியன் கிழக்கே எழும்புகிறது. நீங்கள் மானுக்குக் கிழக்கே நின்றால் காற்று முகத்தில், வெயில் முதுகில். மானின் கண் கூசும், உங்கள் படத்தில் வெளிச்சம் சரியாக விழும். இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. அதே நாள் பின்னேரம் நிலாவெளி, குச்சவெளிப் பக்கம் கடற்காற்று புகுந்துவிட்டால் எல்லாம் தலைகீழ். மேற்கே போய் நின்று கிழக்கே பாருங்கள், மறுபடியும் காற்றும் வெயிலும் உங்கள் பக்கம். கந்தளாய் போல உள்ளே தள்ளி இருக்கும் இடங்களில் கடற்காற்றை நம்ப முடியாது, கச்சான் பின்னேரமும் அடித்துக்கொண்டிருக்கலாம், அங்கே போய்த்தான் பார்க்க வேண்டும்.

வாடைக் காலத்தில் காலைநேரம் தொல்லை. வடகிழக்குக் காற்றுக்கு எதிரே போனால் சூரியன் உங்கள் கண்ணுக்குள். இரண்டில் ஒன்றை விட வேண்டும் என்றால் வெயிலை விடுங்கள், காற்றை விடாதீர்கள். முடிந்தால் வாடைக் காலத்தில் பின்னேரமே போங்கள்.

காற்றைப் பார்க்கும் முறை. விரலை எச்சிலில் நனைத்துத் தூக்கிப் பார்ப்பது பலமான காற்றுக்குத்தான் சரிவரும், அந்தக் காற்றை விரல் இல்லாமலே அறியலாம். மெல்லிய காற்றுக்கு அடுப்புச் சாம்பலைச் சல்லடையில் சலித்து, மூடியில் துளையிட்ட சின்னப் பிளாஸ்டிக் போத்தலில் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு அமுக்கு அமுக்கினால் புகைபோல எழும்பிப் போகும் திசை தெரியும். சட்டைப் பையில் திருநீறு வைத்திருப்பவர்கள் ஒரு சிட்டிகையை விட்டுப் பார்ப்பதையும் கண்டிருக்கிறேன். கோணேசர் கோபிக்க மாட்டார் என்றுதான் நினைக்கிறேன், ஆனாலும் சாம்பல் மலிவு. எல்லாவற்றையும்விட நல்லது இலவம் பஞ்சு. விரல் நுனியளவு பிய்த்து விட்டால் அது பத்துப் பதினைந்து மீற்றர் மிதந்து போகும். சாம்பல் கைக்குப் பக்கத்துக் காற்றை மட்டும் காட்டும். பஞ்சு, பற்றையைத் தாண்டியதும் காற்று எப்படி வளைகிறது என்பதையும் காட்டும். பல பேருடைய வாடை மானிடம் போய்ச் சேர்வது அந்த வளைவில்தான்.

குளக்கட்டு இருக்கும் இடத்தில் காற்று கட்டில் மோதி, மறுபக்கம் கீழே சுழலும். காட்டு ஓரத்திலும் அப்படித்தான். கன்னியாப் பக்கம் போல மேடு உள்ள இடங்களில் வெயில் ஏற ஏறக் காற்று சரிவில் மேலே ஏறும், பொழுது சாய்கிற மம்மல் நேரத்தில் கீழே இறங்கும். காலையில் மேட்டின் மேலிருந்தும் பின்னேரம் கீழிருந்தும் கிட்டப் போனால் சரி. உச்சி வெயிலில் காற்று நாலு பக்கமும் அலையும். அந்த நேரத்தில் மானும் நிழலில் படுத்திருக்கும், நீங்களும் படுத்துக்கொள்ளலாம்.

உடுப்பும் வாடையும்

மானுக்கு நமக்குத் தெரிகிற மாதிரி நிறம் தெரியாது. சிவப்பு, செம்மஞ்சள் எல்லாம் அதற்குப் பச்சையோடு கலந்து மங்கிப்போகும். நீலம் மட்டும் பளிச்சென்று தெரியும். ஆகவே நீல டெனிம் வேண்டாம். ‘வெள்ளைக்கு வெள்ளை’ என்று விற்கிற சலவைத் தூளில் தோய்த்த சேட்டும் வேண்டாம், அந்தத் தூளில் உள்ள வெளுப்பான்கள் மானின் கண்ணுக்குத் துணியை இன்னும் ஒளிர வைக்கும். தண்ணீரில் அலசி வெயிலில் காயவிட்ட பழைய காக்கி, மண்ணிறம், மங்கிய பச்சை போதும். இராணுவ உடை மாதிரிப் புள்ளி போட்ட பச்சை உடுப்பை இந்த நாட்டில் போடவே போடாதீர்கள், மான் பார்க்கும் முன் சோதனைச் சாவடியில் பார்த்துவிடுவார்கள்.

வாசனைச் சோப்பு, சென்ட், பீடி, சிகரெட் எதுவும் வேண்டாம். தலையிடிக்கு சித்தாலேப பூசிக்கொண்டு வந்த ஒருவர் கூட்டத்தில் இருந்தால், காற்று கொஞ்சம் தவறினாலும் கதை முடிந்தது. நுளம்புக்குப் பூசும் எண்ணெயைத் தோலில் தேய்க்காமல் நீண்ட கை, நீண்ட காற்சட்டையால் சமாளியுங்கள்.

காலுக்கு ரப்பர் அடி கன்வஸ் சப்பாத்து. பாட்டா செருப்பு ஒவ்வொரு அடிக்கும் குதிகாலில் அடித்துச் சத்தம் போடும். பையில் சாவிக்கொத்து, சில்லறை எல்லாவற்றையும் துணியில் சுற்றுங்கள். தண்ணீர்ப் போத்தல் பாதி குறைந்ததும் குலுங்கிச் சத்தம் வரும், இரண்டு சின்னப் போத்தலாகக் கொண்டுபோய் ஒன்றை முடித்துவிட்டு மற்றதைத் திறந்தால் பிரச்சினை இல்லை. ஃபோனை அணைத்துவிடுங்கள், அதிர்வில் வைப்பதும் அமைதியான காட்டில் கேட்கும். கமராவில் சத்தமில்லாத ஷட்டர் இருந்தால் வீட்டிலேயே போட்டுப் பழகுங்கள். லென்ஸ் 300 மில்லிமீற்றராவது இருந்தால்தான் நான் சொல்கிற தூரத்தில் படம் தேறும். அது இல்லையென்றால் தூரநோக்கியோடு போங்கள், கண்ணால் பார்ப்பதும் பார்ப்பதுதான்.

எங்கே போகலாம், எங்கே கூடாது

தேசியப் பூங்காக்களுக்குள் வாகனத்தை விட்டு இறங்க அனுமதி இல்லை. கவுடுல்ல, மின்னேரியா, சோமாவதி எல்லாம் அப்படித்தான். வன ஒதுக்குகளுக்குள் அனுமதியில்லாமல் நுழைவதும் குற்றம். சேருவில - அல்லை போன்ற சரணாலயப் பகுதிகளில் எதுவரை போகலாம் என்பதை வனஜீவராசிகள் திணைக்களத்தின் உள்ளூர் அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு போங்கள். அப்போ நடந்து கிட்டப் போக என்ன மிச்சம்? குளக்கரைகள், அறுவடை முடிந்த வயல் ஓரங்கள், காடு தொடங்கும் இடத்திலுள்ள மேய்ச்சல் வெட்டைகள். அந்த ஊர்க்காரர் ஒருவரோடு போங்கள். இதை மரியாதைக்காகச் சொல்லவில்லை. எந்தப் பாதையில் நேற்று யானை வந்தது, எந்தப் பற்றையில் யாரோ சுருக்கு வைத்திருக்கிறார்கள் என்பது அவருக்குத்தான் தெரியும்.

காலம் என்றால் ஆடி, ஆவணி, புரட்டாதி. குளத்துத் தண்ணீர் வற்றி, ஈரம் காயாத சேற்றில் புதுப்புல் முளைக்கும். காட்டுக்குள் தண்ணீர் இல்லாததால் எல்லாம் வெளியே வரும். மழைக்காலத்தில் எங்கும் தண்ணீர், எங்கும் புல், மான் ஏன் வெட்டைக்கு வரவேண்டும்?

சேற்றைப் படிக்கப் பழகுங்கள். புள்ளிமானின் குளம்பு கூர்மையாக, இரண்டு பாதியும் ஒட்டினாற்போல் இருக்கும். காட்டுப்பன்றியின் தடம் முனை மழுங்கி, பின்னால் இரண்டு சின்னப் புள்ளியும் பதிந்திருக்கும். மரை என்றால் மானின் வடிவம்தான், பார்த்தவுடன் பெரிது என்று தெரியும். தடத்தின் விளிம்பு கூர்மையாக இருந்தால் புதிது, உதிர்ந்து காய்ந்திருந்தால் பழையது. புழுக்கை ஈரமாய் மினுங்கினால் கூட்டம் பக்கத்தில்தான் இருக்கிறது.

கால் வைப்பது

கூட்டத்தைக் கண்டதும் நடக்கத் தொடங்காதீர்கள். உட்காருங்கள். தூரநோக்கியால் கால் மணித்தியாலமாவது பாருங்கள். எத்தனை உருப்படி, எந்தப் பக்கம் மேய்ந்து நகர்கிறது, எந்தப் பிணை, அதாவது பெண்மான், அடிக்கடி தலை நிமிர்த்துகிறது என்று கவனியுங்கள். கொம்புக் கிடாயைப் பார்த்துக்கொண்டு இருப்பதுதான் புதியவர்களின் வழக்கம். உங்களைப் பிடிக்கப்போவது பெரும்பாலும் ஓரத்தில் நிற்கிற ஒரு வயதான பிணை. அதன் பார்வைக்குள் வராத வழிதான் உங்கள் வழி.

பிறகு பாதையைத் துண்டு துண்டாகப் பிரியுங்கள். இங்கிருந்து அந்தப் பாலை மரம், அங்கிருந்து அந்தக் கறையான் புற்று, அதற்கப்பால் வீரைப் பற்றை. குனிந்து போகும்போது எல்லாம் வேறு மாதிரித் தெரியும், ஆகவே அடையாளங்களை நின்றபடி ஒரு முறை, உட்கார்ந்தபடி ஒரு முறை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். நிழல் உள்ள பக்கத்தால் போங்கள். குளக்கட்டின் மேல் ஒருபோதும் நிமிர்ந்து நிற்காதீர்கள், வானத்துக்கு எதிரே உங்கள் உருவம் ஒரு மைல் தூரத்துக்குத் தெரியும். கட்டைக் கடக்க வேண்டுமென்றால் மரம் நிற்கிற இடத்தில் ஊர்ந்து கடவுங்கள்.

இப்போது கால். காய்ந்த சருகில் குதிகாலை முதலில் வைத்தால் முழு எடையும் ஒரேயடியாக இறங்கும், சருகு நொறுங்கும். முழங்காலை மடித்து, எடை முழுவதையும் பின்னங்காலில் வைத்துக்கொண்டு, முன்காலின் வெளி ஓரத்தை மெல்லத் தரையில் தொடுங்கள். கீழே குச்சி ஏதும் இருந்தால் சப்பாத்துக்கு உள்ளேயே தெரியும். தெரிந்தால் காலை எடுத்து வேறிடத்தில் வையுங்கள். இல்லையென்றால் பாதத்தை உள்பக்கமாக உருட்டி முழுவதும் பதித்த பிறகுதான் எடையை மாற்ற வேண்டும். முதல் தடவை ஐந்து நிமிடத்தில் தொடை வலிக்கும். வீட்டு முற்றத்தில் வேப்பஞ்சருகைப் பரப்பி இரவில் பழகுங்கள், பார்க்கிறவர்கள் சிரிக்கட்டும்.

அதைவிட முக்கியம் தாளம். காட்டில் எல்லா மிருகமும் சத்தம் போடுகிறது, மானும் குச்சியை முறிக்கும். ஆனால் ஒரே இடைவெளியில், நிற்காமல், சரக் சரக் சரக் என்று வருவது இரண்டு கால் பிராணி மட்டும்தான். மூன்று அடி, நில்லுங்கள். ஒரு அடி, நில்லுங்கள். ஐந்து அடி, நீண்ட நேரம் நில்லுங்கள். காற்று பலமாக அடித்து இலையெல்லாம் சலசலக்கும்போது நகருங்கள், காற்று ஓயும்போது நில்லுங்கள். காலடியில் குச்சி முறிந்தால் அப்படியே உறைந்து மனதுக்குள் நூறு எண்ணுங்கள். ஒரு முறிவை மான் மன்னிக்கும், உடனே வருகிற இரண்டாவதை மன்னிக்காது.

நேர்கோட்டில் போகாதீர்கள். நேரே தன்னை நோக்கி வருவது சிறுத்தையின் நடை. சரிவாக, ஏதோ தாண்டிப் போகிறவர் மாதிரி ஒரு பக்கம், பிறகு மறுபக்கம். மானின் கண்ணைக் குத்திட்டுப் பார்க்காமல் பக்கத்துப் பற்றையைப் பாருங்கள். கையை உடம்போடு ஒட்டி வையுங்கள், வெயில் பட்டு அசைகிற கை முகத்தைவிட முதலில் தெரியும். எல்லா மானும் தலை குனிந்திருக்கும்போது மட்டும் நகருங்கள். இருபது மான் உள்ள கூட்டத்தில் அந்தக் கணம் அபூர்வம், ஆகவே சின்னக் கூட்டத்தில் தொடங்குங்கள்.

தலை நிமிர்ந்தால்? கால் தரையில் இருந்தாலும் அந்தரத்தில் இருந்தாலும் அப்படியே நிற்க வேண்டும். கமராவைக் கண்ணுக்குத் தூக்க ஆசை வரும், தூக்காதீர்கள். சில மான் ஒரு தந்திரம் செய்யும். குனிந்து மேய்வதுபோலத் தலையை இறக்கி, பாதியிலேயே வெடுக்கென்று நிமிர்த்திப் பார்க்கும், நீங்கள் அசைந்தீர்களா என்று. உண்மையாகவே வாயில் புல்லை இழுத்து மெல்லும்வரை பொறுங்கள். முன்னங்கால் தட்டத் தொடங்கிவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான் தூரம். அங்கேயே மெல்ல உட்கார்ந்துவிடுங்கள். பல சமயம் கொஞ்ச நேரத்தில் தணிந்து மீண்டும் மேயும். முன்னேறினால் மட்டும் ஓடும்.

கடைசி நாற்பது ஐம்பது மீற்றரைக் கடப்பதைவிட அதை மானே கடக்கும்படி விடுவது நல்லது. கூட்டம் நகர்கிற திசைக்குச் சற்று முன்னால், காற்று பக்கவாட்டில் அடிக்கிற ஒரு பற்றையைத் தேர்ந்து, அதற்குப் பின்னால் அல்ல, முன்னால், அதன் நிழலோடு ஒட்டி உட்காருங்கள். பின்னால் இருந்தால் எட்டிப் பார்க்க வேண்டும், எட்டிப் பார்க்கும் தலைதான் காட்டிக்கொடுக்கும்.

மற்றக் காவலாளிகள்

மானை மட்டும் ஏமாற்றினால் போதாது. கறுத்த முகமும் நீண்ட வாலும் உள்ள மந்திக் கூட்டம் மேலே மரத்தில் இருந்தால் கீழே மான் நிற்பது வழக்கம். மந்தி உதிர்க்கிற இலையும் பழமும் மானுக்குச் சாப்பாடு, மந்தியின் உயரமும் மானின் மூக்கும் இரண்டுக்கும் சேர்த்துக் காவல். மான் தேடும்போது மந்தி உங்களுக்கு உதவி, கிட்டப் போகும்போது உபத்திரவம். அதை மறைந்து தாண்ட முடியாது. எட்டவே உட்கார்ந்து, அது உங்களைப் பார்த்துச் சலித்துப்போக விடுங்கள்.

வெட்டையில் ஆட்காட்டிக் குருவி இருக்கும். அதன் கூட்டுப் பக்கம் கால் வைத்தால் தலைக்கு மேலே சுற்றிச் சுற்றிக் கத்தும், ஊரே திரும்பிப் பார்க்கும். தூரத்தில் ஒன்று நிற்பதைக் கண்டால் சுற்றிப் போங்கள். கிளம்பிவிட்டால் அது தரையில் இறங்கி, மான் மறுபடி மேயும்வரை அசையாதீர்கள். மயில் கழுத்தை நீட்டிப் பார்த்தாலும் அதே சட்டம்தான்.

வாகனத்தில் இருந்து

பூங்காவுக்குள் இதெல்லாம் வாகனத்தின் வேலை. சாரதியிடம் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்: மானை நோக்கி நேரே ஓட்டாமல் பக்கவாட்டாக மெல்லப் போய், எட்டவே எஞ்சினை நிறுத்தச் சொல்லுங்கள். வாகனத்தின் உருவத்துக்கு மான் பழகியிருக்கிறது. அந்த உருவத்திலிருந்து நீட்டுகிற கைக்கும் எழும்பி நிற்கிற ஆளுக்கும் பழகவில்லை. எஞ்சினை மீண்டும் இயக்கும் சத்தம்தான் கூடுதலாகக் கலைக்கும், ஆகவே நின்ற இடத்திலேயே கொஞ்சம் பொறுங்கள். அடுத்த ஜீப்புக்கு இடம் விடுவதும் மறக்க வேண்டாம்.

வேறு மிருகங்கள்

காட்டுப்பன்றிக்குக் கண் மட்டம், மூக்கும் காதும் கூர்மை. காற்று சரியாக இருந்தால் வியக்கும் அளவுக்குக் கிட்டப் போகலாம், அதுவே ஆபத்து. குட்டிகளோடு தாய் இருந்தால் போகவே வேண்டாம். மரை பெரும்பாலும் இரவுப் பிராணி. விடியலில் அது காட்டுக்குள் திரும்புகிற நேரத்தில் தண்ணீர்ப் பக்கம் காத்திருப்பதுதான் வழி, பின்தொடர்ந்து பயனில்லை. முயல் நம்மைக் கண்டதும் பதுங்கி அசையாது இருக்கும். அதைப் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளாமல் சாய்வாக நடந்தால் நெருங்கலாம், நின்று பார்த்தால் பாயும். சருகுமானைத் தேடிப் போய்ப் பார்த்தவர் குறைவு. உட்கார்ந்திருந்தவர் காலடியில் அது வந்து போனதுண்டு.

புல்லில் தனியே சுருண்டு கிடக்கிற மான்குட்டியைக் கண்டால் தொடாதீர்கள், தூக்காதீர்கள். தாய் ஒளித்து வைத்துவிட்டு மேயப் போயிருக்கும். நீங்கள் அங்கே நிற்கும்வரை அது திரும்பி வராது.

யானையும் கட்டுத்துவக்கும்

மானுக்குச் சொன்ன வித்தை எல்லாம் யானைக்கும் கரடிக்கும் வேலை செய்யும் என்பதை மறந்துவிடக்கூடாது. காற்று முகத்தில் அடிக்க, சத்தமில்லாமல் போகிறீர்கள். முன்னால் பற்றைக்குள் நிற்கிற யானைக்கும் நீங்கள் வருவது தெரியாது. திடுக்கிட்ட யானைதான் கூடுதல் ஆபத்தான யானை. கிளை முறியும் சத்தம், வயிறு உறுமும் ஒலி, சூடு ஆறாத இலத்தி, இதில் ஒன்று போதும், மானை விட்டுவிட்டு வந்த வழியே திரும்புங்கள். மம்மலுக்கு முன் வாகனத்தடியில் இருக்க வேண்டும். பாலைப்பழக் காலத்தில் கரடி மரத்தடிக்கு வரும், அந்த மாதங்களில் பாலை மரத்துக்குக் கிட்டப் போகுமுன் மேலேயும் கீழேயும் பாருங்கள். கந்தளாய் போன்ற பெரிய குளங்களின் ஓரத்தில் ஊரும்போது முதலை நினைவில் இருக்கட்டும், தண்ணீர் விளிம்போடு ஒட்டிப் போகாதீர்கள்.

மிருகப் பாதையில் முழங்கால் உயரத்தில் குறுக்கே கட்டிய கம்பியோ நூலோ தெரிந்தால் அது கட்டுத்துவக்காக இருக்கலாம். மானுக்கும் பன்றிக்கும் வைத்தது மனிதனையும் சுடும். தொடாமல், தாண்டாமல், உங்கள் காலடிகளிலேயே பின்வாங்கி வனஜீவராசிகள் அலுவலகத்துக்கோ பொலிசுக்கோ சொல்லுங்கள். மண்டையோட்டுப் படம் போட்ட சிவப்புக் கண்ணிவெடிப் பலகை எங்கே நின்றாலும், எவ்வளவு பழசாகத் தெரிந்தாலும், அதற்கு அப்பால் கால் வைக்க வேண்டாம். சருகுக்குள் புடையன் பாம்பு கிடக்கும், கை வைத்து ஊருமுன் கண்ணை வையுங்கள்.

திரும்பும்போது

படம் எடுத்து முடிந்ததும் எழும்பி நின்று கைகால் உதறி நடந்துவிடுவதுதான் பலரின் பழக்கம். கூட்டம் சிதறும், அடுத்த நாள் அந்த வெட்டைக்கு வராமலும் விடலாம். வந்த மாதிரியே, அதே துண்டு துண்டான வழியால், அதே தாளத்தில் பின்வாங்குங்கள். நீங்கள் போன பிறகும் அவை மேய்ந்துகொண்டிருந்தால் மறுநாளும் அதே இடத்தில் பார்க்க வாய்ப்பு இருக்கிறது, கூட வந்த ஊர்க்காரரும் மறுபடி கூட்டிப் போவார். எடுத்த படத்தைப் போடும்போது குளத்தின் பெயரையும் பாதையையும் பொதுவில் எழுத வேண்டாம். அதைப் படிக்கிறவர்கள் எல்லோரும் கமராவோடு வருகிறவர்கள் அல்ல.

வீட்டுக்கு வந்ததும் உடுப்பை வெளியிலேயே கழற்றி வெந்நீரில் ஊறப்போடுங்கள். மான் படுத்த புல்லில் உண்ணி நிறைய இருக்கும். அக்குள், இடுப்புப் பட்டி, முழங்காலின் பின்புறம், காதின் பின்புறம் எல்லாம் பாருங்கள், இல்லையென்றால் வீட்டில் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். கடித்துக்கொண்டிருந்தால் நசுக்காமல், நெருப்பால் சுடாமல், சிறு இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேரே இழுத்து எடுங்கள். அடுத்த இரண்டு கிழமைக்குள் காய்ச்சலோ உடம்பில் சிவப்புப் புள்ளிகளோ வந்தால், உண்ணி கடித்ததையும் குளத்துச் சேற்றில் இறங்கியதையும் வைத்தியரிடம் சொல்ல மறக்காதீர்கள்.